வீடு தனி, சுவர் பொது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர நகரங்களின் நடுவே நெருக்கமாக அமைந்த பழைய குடியிருப்புகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அங்கே குடியேற வேண்டும் என்ற ஆசையைப் பலருக்குக் கிளப்பிவிட்டிருக்கும். எல்லாம் நடந்து போகிற தூரம், தோளோடு தோள் உரசி நிற்கும் வீடுகள், சந்து முனையில் தெரியும் கடல் என்று கட்டுரை சொன்ன எதுவும் பொய்யில்லை. அந்த வீடுகளின் சுவரைத் தட்டிப் பார்த்துப் பழுது பார்ப்பதே தொழிலாக உள்ளவர்கள் என்ற முறையில், கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். உப்பும் தண்ணீரும் பத்திரத்தில் எழுதிய எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. பழுதுவேலையை மட்டும் நாம் பத்திரப்படி வீட்டுக்கு வீடு பிரித்துச் செய்கிறோம். இத்தகைய தெருக்களில் நாங்கள் பார்க்கும் சேதத்தில் பெரும்பகுதி கடலால் வந்ததல்ல. இந்தப் பிரிவினையால் வந்தது.

முதலில் உப்பு. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றோடு ஊருக்குள் வருகின்றன. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே அவற்றின் அளவு வேகமாகக் குறைந்துவிடும். அதனால் ஒரே பேட்டையில் முதல் தெருவும் நான்காம் தெருவும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. மழை அடிக்கிற பக்கம்தான் முதலில் கெடும் என்று பலரும் நினைக்கிறார்கள். கடலோரத்தில் பல சமயம் நேர்மாறாகத்தான் நடக்கிறது. மழை படும் பரப்பில் உப்பு அவ்வப்போது கழுவிப் போய்விடும். மழை படாத இடத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனித் தளத்தின் அடிப்பக்கம், ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னால் உள்ள தாங்கி, ஜன்னல் கம்பிகள் பொருந்தியிருக்கும் கீழ்ச்சட்டம் ஆகியவைதான் வீட்டின் உண்மையான வயதைச் சொல்லும். வீடு பார்க்கப் போகிறவர்கள் முகப்பை ரசித்துவிட்டு, அப்படியே அண்ணாந்து இவற்றையும் பார்த்துவிட்டு வரட்டும்.

உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலோரத்தில் இரவு நேரத்தில் ஈரப்பதம் அந்த அளவை அடிக்கடி தாண்டும், நண்பகலில் இறங்கும். ஆகவே மழையே இல்லாத மாதத்திலும் உப்பேறிய சுவர் இரவில் ஈரமாகிறது, பகலில் காய்கிறது. காயும்போது உப்பு பூச்சுக்குள்ளேயே படிகமாகி, பூச்சை மாவாக உதிர்க்கிறது. எங்கோ குழாய் கசிகிறது என்று தரையை உடைத்து, ஒன்றும் கிடைக்காமல் மறுபடி பூசி மூடிய வீடுகள் ஏராளம். உடைப்பதற்கு முன் ஒரு வாரம் பொறுத்தால் போதும். ஈரத் திட்டின் ஓரத்தைப் பென்சிலால் காலையும் மதியமும் கோடிட்டு வாருங்கள். காலையில் பெரிதாகவும் மதியம் சிறிதாகவும் மாறினால் பெரும்பாலும் உப்பு. நேரம் எதுவானாலும் அசையாமல் இருந்தாலோ, மெல்லப் பெரிதாகிக்கொண்டே போனாலோ குழாயைச் சந்தேகப்படலாம்.

சுட்ட செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய சுவர்தான் இப்படிப்பட்ட தெருக்களின் முதுகெலும்பு. தரையிலிருந்து ஈரம் உறிஞ்சுவதும், பூச்சின் வழியே அதை மூச்சாக வெளியே விடுவதும் அதன் இயல்பு. அந்தக் கணக்கு சமமாக இருக்கும்வரை சுவர் நூறாண்டைத் தாண்டியும் நிற்கும். இதன் மேல் சிமெண்ட் பூச்சும், பட்டியும், பிளாஸ்டிக் எமல்ஷனும் ஏற்றினால் வெளியே போகும் வழி அடைபடுகிறது. ஈரம் நின்றுவிடுவதில்லை, வெளியேற இடம் தேடி இன்னும் உயரமாக ஏறுகிறது. சாதாரணமாக ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றிருக்கும் ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், ஜன்னல் மட்டத்துக்கு வருவது இப்படித்தான். கீழே நாலடிக்கு டைல் ஒட்டி மறைப்பதும் இதே தவறுதான். அடுத்த ஆண்டு டைலுக்கு மேல் ஒரு பழுப்புக் கோடு தெரியும். இதைவிட மோசமானது, ஒருவர் தன் பக்கத்தை அடைத்துவிட்டால் அதே சுவரின் மறுபக்கம் இருக்கும் அடுத்த வீட்டுக்குள் அந்த ஈரம் திரும்புவது. அவர் பாவம், தன் வீட்டில் என்ன தப்பு என்று தேடிக்கொண்டிருப்பார்.

சரி செய்யும் முறை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். ஓதம் ஏறிய கோட்டுக்கு மேல் இன்னும் 500 மி.மீ. வரை சிமெண்ட் பூச்சை முழுக்க எடுத்துவிட வேண்டும். செங்கல் இணைப்புகளில் தளர்ந்த சாந்தை 15 முதல் 20 மி.மீ. ஆழம் சுரண்டி எடுக்க வேண்டும். மேலே பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தள்ளி, விழுந்த தூளை அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். பிறகு காய விட வேண்டும். 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் உள்ள பொதுவான கணக்கு, 230 மி.மீ. சுவருக்கு ஒன்பது மாதம் வரும். அவ்வளவு நாள் யாரும் காத்திருப்பதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். குறைந்தது ஒரு வறண்ட பருவமாவது திறந்து கிடந்தால்தான் அடுத்த வேலைக்கு அர்த்தம் உண்டு. அதன்பின் சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத சுத்தமான மணல் மூன்று பங்கு கலந்து, ஒரு அடுக்குக்குச் சுமார் 10 மி.மீ. வீதம் பூசி, சில நாட்கள் ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். நீரிலும் இறுகும் வகைச் சுண்ணாம்பு கடலோரத்துக்கு இன்னும் நல்லது. மேலே அடிக்க வேண்டியது சுண்ணாம்பு வெள்ளைதான். முதல் பூச்சு சில ஆண்டுகளில் உப்பை வாங்கிக்கொண்டு உதிரலாம். அதைத் தோல்வி என்று கொத்தனாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். செங்கல்லுக்குப் பதிலாகத் தான் அழிவதுதான் அந்தப் பூச்சின் வேலை. புகைப்படத்துக்காகத் தெரு முழுக்கப் பளிச்சென்ற பிளாஸ்டிக் வண்ணம் அடிக்கும் 'அழகுபடுத்தும்' திட்டங்கள் இந்தச் சுவர்களுக்குச் செய்யும் தீங்கை, அவற்றை அறிவிப்பவர்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை.

பழைய வீட்டின் மேல் பின்னாளில் ஏற்றிய காங்கிரீட் தளங்களும் பால்கனிகளும் வேறு வகை நோயாளிகள். உப்பிலுள்ள குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியை எட்டியதும், கம்பியின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் உடைகிறது. துருவானது தான் தின்ற இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் கேட்கும். காரை வெடித்துப் பெயர்வது அதனால்தான். பெயர்ந்ததைத் தட்டிவிட்டு, துருப்பிடித்த கம்பி மேலேயே சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது வழக்கமான வேலை; அது ஓரிரு மழைக்காலம் தாங்கும். முறையாகச் செய்வதானால், முதலில் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். கம்பியின் முழுச் சுற்றும் தெரியும்படி, அதன் பின்னாலும் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி கிடைக்கும்வரை கொத்த வேண்டும். நல்ல கம்பி தெரிந்த பிறகும் 50 மி.மீ. கூடுதலாகக் கொத்துவது நல்லது. மணல் வீசியோ கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோ உலோகம் பளிச்சிட வேண்டும். கம்பியின் கனத்தில் கால் பங்கு கரைந்திருந்தால் பொறியாளர் பார்க்காமல் மேலே போகக் கூடாது. பக்கத்தில் புதுக் கம்பி தேவைப்படும். பிறகு துத்தநாகம் மிகுந்த பிரைமர், பிணைப்புப் பூச்சு, அது காய்வதற்குள் பாலிமர் கலந்த சாந்து அடுக்கடுக்காக.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் இரண்டே ஆண்டில் ஒட்டுப்போட்ட இடத்தின் விளிம்பை ஒட்டிப் புதிதாக வெடிப்பு வருவதைப் பார்க்கிறோம். கொத்தனார் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். காரணம் மின்வேதியியல். உப்பில்லாத புதுச் சாந்துக்குள் இருக்கும் கம்பியும், உப்பேறிய பழைய காங்கிரீட்டுக்குள் இருக்கும் அதன் தொடர்ச்சியும் ஒரு மின்கலத்தின் இரு முனைகள் போலாகி, பழைய பக்கம் முன்னைவிட வேகமாகக் கரைகிறது. விளிம்பில் கம்பியோடு சேர்த்துச் சிறு துத்தநாகக் கட்டிகளைக் கட்டிவைத்தால் இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் ஒரே பால்கனித் தளம் மூன்று வீட்டுக்கு ஓடும்போது நடு வீட்டுக்காரர் மட்டும் பழுது பார்த்தால், அவருடைய நல்ல வேலையே இரு பக்கத்தாரின் கம்பியைத் தின்னும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொதுச்சுவரை வெட்டுவதிலும் இதே கதைதான். மின்குழாயைப் பதிக்கச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும்போது கிடைமட்டக் காடி சுவர்க் கனத்தில் ஆறில் ஒரு பங்கையும், செங்குத்துக் காடி மூன்றில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பது அறிந்த விதி. 230 மி.மீ. சுவரில் கிடைமட்டமாக 38 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று பொருள். இரு வீட்டாரும் தனித்தனியே விதியைப் பின்பற்றி, அதே உயரத்தில் ஆளுக்கொரு காடி எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு சுவர் போய்விட்டது! ஸ்விட்ச் பெட்டிகள் முதுகோடு முதுகாக அமைந்த இடத்தில் பக்கத்து வீட்டுப் பேச்சு முழுதாகக் கேட்பதும் இதனால்தான். மரக் குறுக்குச்சட்டங்களின் முனைகள் எங்கே சுவருக்குள் புதைந்திருக்கின்றன என்று தெரியாமல் காடி எடுப்பது இன்னும் ஆபத்து. ஓதம் ஏறிய சுவரில் அந்த முனைகள்தான் முதலில் உளுத்துப்போகும். மேலிருந்து பார்த்தால் தளம் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

வரிசையின் நடுவில் ஒரு வீட்டை இடிக்கும்போது இரு பக்கத்து வீடுகளும் இதுவரை சாய்ந்திருந்த தோளை இழக்கின்றன. இடிப்பு முடிந்த பிறகு முட்டுக் கொடுப்பதில் பயனில்லை. இடிக்க இடிக்கக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். வேலை தொடங்குமுன் இரு பக்க வீடுகளின் எல்லா அறைகளையும் படமெடுத்து, இருக்கும் விரிசல்களின் இரு முனையிலும் பென்சிலால் கோடும் தேதியும் போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால் பிறகு வாய்த்தகராறுக்கு இடமிருக்காது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் இதற்கென்றே 1996-ஆம் ஆண்டில் ஒரு பொதுச்சுவர்ச் சட்டம் வந்தது. பொதுச்சுவரில் கை வைக்க இரண்டு மாதம் முன்னதாகப் பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர்கள் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள், சில நிலைகளில் 6 மீட்டருக்குள், அதன் அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டவும் அறிவிப்பு உண்டு. நெருக்கமான தெருக்கள் கொண்ட எந்த ஊருக்கும் பொருந்தும் ஏற்பாடு இது.

கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்கள் கடலின் ஏற்ற வற்றத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மழைநீர் வடிகாலின் வாய் கடல்மட்டத்துக்கு அருகே இருந்தால், ஏற்றத்தின்போது தண்ணீர் வெளியேறாது. சில இடங்களில் உள்ளே திரும்பும். குளியலறைத் துளையில் தண்ணீர் எதிர்த்து வந்தால் அடைப்பா, கடலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எதிர்த்து வரும் நேரத்தை நாலைந்து நாள் குறித்து வாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஏற்றம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருவதால், அதன் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். உங்கள் தண்ணீரும் அப்படித் தள்ளித் தள்ளி வந்தால் கடல். தெருவே குளித்துத் துவைக்கும் காலை நேரத்தில் மட்டும் வந்தால் அடைப்பு.

கடல்தான் என்றால் ஒருவழி வால்வு பொருத்தலாம், சில எச்சரிக்கைகளோடு. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அப்போது துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டினால் சொந்தத் தண்ணீரிலேயே நிற்க வேண்டியதுதான். மொட்டை மாடி மழைக்குழாயை வால்வுக்கு வீட்டுப் பக்கமாக இணைத்திருந்தால், வெளிவெள்ளத்தை அடைத்துவிட்டு மழைவெள்ளத்தை உள்ளே சேர்த்ததாகும். அதை வால்வுக்குத் தெருப் பக்கமாக மாற்ற வேண்டும். கதவுத் தகட்டில் மணலும் முடியும் சிக்கினால் வால்வு முழுதாக மூடாது, மழைக்காலத்துக்கு முன் திறந்து கழுவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பல வீடுகள் ஒரே குழாயில் சேரும் வரிசையில் ஒருவர் மட்டும் வால்வு போட்டால் அந்தத் தண்ணீர் அடுத்த தாழ்வான வீட்டைத் தேடிப் போகும். குழாயைத் திறந்து பார்க்கச் சந்தில் இருக்கும் சோதனைத் தொட்டியின் மூடி மேல் யாரோ படி கட்டியிருப்பார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முற்றங்களையும், காற்றுக்காக மேலே திறந்து விட்ட குறுகிய இடைவெளிகளான காற்றுக்கூண்டுகளையும் பற்றி ஒரு வார்த்தை. மழை விழுகிறது என்று மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு முழுக்க மூடிவிடுகிறார்கள். கடற்காற்று சந்து வழியே நுழைந்து முற்றம் வழியே மேலேறிப் போவதால்தான் இந்த வீடுகள் உலர்ந்திருந்தன. மூட வேண்டுமென்றால் சுற்றிலும் குறைந்தது ஒரு அடி இடைவெளி விட்டுத் தூக்கிப் போடலாம். உள்ளே உலர்த்தும் ஒரு ஈடு துணி சுமார் இரண்டு லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடும். மூடிய முற்றத்தில் அந்த நீர் சுவரைத் தவிர வேறெங்கும் போகாது. சமையலறைப் புகைவிசிறியைக் காற்றுக்கூண்டுக்குள் திருப்பிவிடுவது, மாடியில் உள்ளவருக்கு நம் ஈரத்தைப் பரிசளிப்பது.

உலோகச் சாமான்களில் சிக்கனம் பார்ப்பது வீண். 304 ரகத் துருவேறா எஃகு கடற்காற்றில் தேநீர்க் கறை போலப் பழுப்பேறும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம்தான் தாங்கும். இரும்புச் சாமான் என்றால் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக இருக்கட்டும். மின்முறையில் பூசிய துத்தநாகம் மிக மெல்லியது. அலுமினிய ஜன்னலில் எஃகுத் திருகு போட்டால் நடுவே நைலான் வாஷர் கட்டாயம். ஏசி வெளிப்பெட்டியை மாதம் ஒருமுறை அழுத்தமில்லாத நல்ல தண்ணீரால் கழுவினாலே அதன் ஆயுள் கணிசமாக நீளும்.

தீயணைப்பு வண்டிக்குப் பொதுவாக 3.7 மீட்டர் அகலப் பாதை வேண்டும் என்பார்கள். பல சந்துகளில் அது கிடையாது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து 45 மீட்டருக்குள் உங்கள் கடைசி அறை இருக்கிறதா என்று அடியால் அளந்து பாருங்கள். இல்லையென்றால் வரிசைக்கு ஓரிரு இடத்தில் தீயணைப்புக் குழாய் இணைப்பு கேட்டு மனுக் கொடுக்க வேண்டியது தனி வீட்டுக்காரர் அல்ல, சந்து முழுவதும்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் பழுதைப் பாதிக்கும். பார்சிலோனாவின் பார்சிலோனெட்டா 1753-இல் கட்டத் தொடங்கிய கடலோரப் பேட்டை. நேர்கோட்டுத் தெருக்களில் நெருக்கமான சிறு வீடுகள், அவையும் பின்னாளில் நான்காகப் பிரிக்கப்பட்டவை. நாள் வாடகைச் சுற்றுலா வீடுகளுக்கு எதிராக 2014 ஆகஸ்டில் அங்கே குடியிருப்பவர்கள் தெருவில் இறங்கினார்கள். 2028 நவம்பருக்குள் இத்தகைய உரிமங்கள் அனைத்தையும் முடிவுக்குக் கொண்டுவருவதாக அந்நகர நிர்வாகம் 2024-இல் அறிவித்தது. சத்தமும் வாடகை உயர்வும்தான் பேசப்பட்டன. எங்கள் பார்வையில் இன்னொன்றும் உண்டு: மூன்று இரவு தங்குபவர் ஓதக் கோட்டைக் கவனிக்க மாட்டார். உரிமையாளர் ஊரில் இல்லாவிட்டால் பொதுச்சுவர்க் கூட்டத்துக்கு வர ஆளில்லை.

கூட்டாக முடிவெடுக்கத் தாமதித்தால் என்னவாகும் என்பதற்கு ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் நடந்தது உண்டு. 1981-இல் கட்டிய 12 மாடிக் கடற்கரைக் குடியிருப்பு 2021 ஜூன் 24 அதிகாலையில் பாதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்பு கெட்டு, காங்கிரீட் சேதமடைந்து வருவதை 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். செலவைப் பகிர்வது பற்றிய பேச்சு நீண்டுகொண்டே போனது. அதன்பின் 2022-இல் அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடிகளுக்கு 30 ஆண்டில் கட்டாயச் சோதனை என்றது. கரையிலிருந்து 3 மைலுக்குள் என்றால் 25 ஆண்டு என்று முதலில் வகுத்தது. வரிசை வீடுகள் அடுக்குமாடிகள் அல்லதான். படுக்கவைத்த அடுக்குமாடி என்று எடுத்துக்கொண்டு இதே ஒழுங்கை இங்கும் கொண்டுவர உள்ளாட்சிகளுக்குத் தடையேதும் இல்லை. குறைந்தபட்சம், இடிக்கவோ மாடி ஏற்றவோ அனுமதி கேட்டு வரும் மனுவோடு இரு பக்க வீடுகளின் நிலை அறிக்கையையும் கேட்கலாம்.

வரிசையாகச் சேர்ந்து செய்வதில் சிக்கனமும் உண்டு. ஏழெட்டு வீட்டுக்கு ஒரே சாரம், சந்தை அடைக்க ஒரே அனுமதி, ஒரே இடத்தில் பதப்படுத்திய சுண்ணாம்பு. வறண்ட பருவத்தில் தொடங்கி முதலில் மேல்தளமும் மழைக்குழாய்களும், பிறகு சந்து வடிகால், அதன்பின் வெளிச்சுவர், கடைசியாக உள்பூச்சு என்று போக வேண்டும். உள்ளிருந்து ஆரம்பித்தவர்கள் இரண்டு முறை செலவழிப்பார்கள். பொதுச்சுவர்ச் செலவு சரிபாதி; ஒருவர் மட்டும் உயர்த்திய பகுதிக்கு அவரே பொறுப்பு. சோதனைத் தொட்டிகள் எங்கே, குறுக்குச்சட்ட முனைகள் எங்கே, எந்தச் சுவரில் எந்த உயரத்தில் காடி ஓடுகிறது என்பதை ஒரு நோட்டில் வரைந்து வரிசைக்கு ஒருவர் வைத்திருந்தால், வீடு கைமாறும்போது அதன் நகல் பத்திரத்தோடு போகலாம். அடுத்த முறை இத்தகைய பேட்டைகளைப் பற்றி எழுதும்போது, அங்கே அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று தங்கள் செய்தியாளர் விசாரித்து அதையும் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய கட்டடப் பழுதுவேலையில் உள்ள வாசகர்கள்